செவ்வாய்க்கிழமை அட்டை

அந்த வருடம் எங்கள் வீட்டில் இருந்தவற்றில் மிகவும் பெறுமதியான பொருள் எங்கள் வேலைக்காரியின் அடையாள அட்டை. என் நகைகள் அதற்குக் கிட்டவும் வராது. இரண்டையும் ஒரே அலுமாரியில், ஒரே லாச்சிக்குள் வைத்துப் பூட்டியிருந்தேன்.

இப்போது சிலர் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். கண்டியில் நான் போய்வந்த வீடுகள் பலவற்றில் வேலைக்கு நிற்பவளின் அட்டையை வீட்டுக்காரிதான் வாங்கி வைத்திருப்பாள். "பத்திரமாக இருக்கட்டும்" என்பது வெளியே சொல்லும் காரணம். சொல்லாமல் கொள்ளாமல் ஊருக்குக் கிளம்பிவிடக் கூடாது என்பது உள்ளே இருக்கும் காரணம். அதை நாங்களும் சொல்வதில்லை, அவர்களும் கேட்பதில்லை. ஹேவாஹெட்டப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து அவள் எங்களிடம் வந்த முதல் நாள், நான் வாய் திறப்பதற்கு முன்பே, பொலித்தீனில் சுற்றிய அட்டையை மடியிலிருந்து எடுத்து என்னிடம் நீட்டினாள். இதற்கு முன் வேலைக்கு நின்ற வீட்டில் நன்றாகப் பழக்கியிருந்தார்கள்.

நான் கணித ஆசிரியை. என் அப்பா தோட்டத்து ஆபீசில் கிளாக்கராக இருந்தவர். தொழிலாளர் லயத்துக்கும் எங்கள் குவாட்டர்ஸுக்கும் நடுவில் ஒரு முள்வேலிதான் இருந்தது. அந்த வேலிக்கு அந்தப் பக்கம் போகக் கூடாது என்று சொல்லியே என்னை வளர்த்தார்கள். டவுனுக்கு வந்து, படித்து, பேங்கில் வேலை செய்த ஒருவரைக் கட்டி, மலைச் சரிவில் வீடும் கட்டிய பிறகு அந்த வேலியை நானே கூடவே கொண்டுவந்துவிட்டேன். வேலைக்காரிக்குத் தனிக் கோப்பை, தனித் தட்டு, பின்வாசல். அவளுக்கு நாற்பத்து மூன்று வயது, புருஷன் இல்லை, ஒரே ஒரு மகள். அந்த மகளைப் பற்றி ஒரு நாளைக்கு நாலு தரமாவது பேசுவாள். நான் "ம்" கொட்டுவேன்.

கொரோனா வந்து ஊரடங்கு போட்டு, பிறகு கொஞ்சம் தளர்த்தியபோது, அரசாங்கம் ஒரு விதி போட்டது. அடையாள அட்டை எண்ணின் கடைசி இலக்கத்தைப் பார்த்து, இன்ன இலக்கத்துக்கு இன்ன கிழமை என்று சாமான் வாங்க வெளியே போகலாம். என்னுடையது ஒன்பது. கணவருடையது பூச்சியம். இரண்டுக்கும் வெள்ளிக்கிழமை. கல்யாணம் பேசியபோது இரண்டு வீட்டாரும் குலம் கோத்திரம் முதல் ஞானஸ்நானக் கடதாசி வரைக்கும் விசாரித்தார்கள், இதை மட்டும் விசாரிக்கவில்லை.

வெள்ளிக்கிழமையில் என்ன குறை என்று கேட்பீர்கள். கட்டுகஸ்தோட்டைப் பக்கம் புதிதாக ஒரு பெரிய கடை திறந்திருந்தார்கள். கடை என்று சொன்னாலும் அது ஒரு ஸ்டோர்தான். கூரை முட்ட இரும்புத் தட்டுகள், அவற்றில் பெட்டி பெட்டியாகச் சாமான், மேலே இருப்பதை இறக்குவதற்கு மெஷின், குழந்தையைப் படுக்க வைக்கக்கூடிய அளவுக்கு ட்ரொலி. தெருக்கடைகளில் சீனியும் பருப்பும் இல்லாதபோதும் அங்கே இருந்தது. ஆனால் கொழும்பிலிருந்து லொறி வருவது திங்கட்கிழமை பின்னேரம். செவ்வாய் காலையில் தட்டுகள் நிறைந்திருக்கும். வெள்ளிக்கிழமை நாங்கள் மாஸ்க் போட்டு, கை கழுவி, நெற்றியில் சூடு பார்த்து உள்ளே போனால் மிஞ்சியிருப்பது தரை கழுவும் திரவமும், பிறந்தநாள் தொப்பியும், நாய் பிஸ்கட்டும். எங்களிடம் நாயும் இல்லை.

மூன்றாவது வெள்ளியும் வெறுங்கையோடு திரும்பி வந்து, ஆத்திரத்தில் அலுமாரியைத் திறந்து என் அட்டையை எறிந்தபோதுதான் பக்கத்தில் கிடந்த அவளுடைய அட்டை கண்ணில் பட்டது. நாலு வருடமாக அங்கே கிடந்தது. எண் மூன்றில் முடிந்தது. மூன்று என்றால் செவ்வாய்.

அந்த நிமிடம் எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்க மாட்டேன். கணவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டு இரண்டு தரம் பார்த்துவிட்டு, "பாருங்களேன், வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கு" என்றார்.

முதல் செவ்வாய்க்கிழமை நான்தான் காரை ஓட்டினேன். கணவரின் சீனி வருத்தத்துக்கு கிளினிக் கொப்பி இருந்தது. பொலிஸ் மறித்தால் மருந்து எடுக்கப் போகிறேன் என்று அதைக் காட்டுவேன். கடைக்குள் போவதற்குத்தான் அந்தக் கொப்பி செல்லாது, அங்கே இலக்கம் வேண்டும். அவள் பின் சீற்றில், கண்ணாடியை இறக்கிவிட்டு, எனக்கு மூச்சுப் படாதபடி வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். நான் அப்படித்தான் உட்காரச் சொல்லியிருந்தேன்.

சாமான்களின் பெயர்கள் ஆங்கிலத்தில் இருக்கும், இவளோ ஐந்தாம் வகுப்பு. அதனால் வீட்டில் இருந்த காலிப் பெட்டிகளின், பக்கெட்டுகளின் முன்பக்கத்தை வெட்டியெடுத்து, ரப்பர் பட்டி போட்டு அவள் கையில் கொடுத்தேன். "இதே படம் இருக்கிறதை எடு. பால்மா ஒருத்தருக்கு ஒன்றுதான் குடுப்பான், அதை முதல்ல எடு" என்று மூன்று தரம் சொன்னேன். தலையை ஆட்டிவிட்டுப் போனாள். நான் காருக்குள் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு இருந்தேன். நோய் வந்தால் முதலில் அவளுக்கு வரட்டும் என்று நினைத்தேனா? நினைத்தேன். அவளுக்கு வந்தால் எங்கே வைத்துப் பார்ப்பது என்றும் நினைத்தேன்.

ஒரு மணித்தியாலம் கழித்து காலி ட்ரொலியைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"எங்கே சாமான்?"

"யாரும் எடுத்துக் குடுக்கலீங்க டீச்சர்."

தோட்டத்துக் கோப்பறேட்டிவ் கடையில் சாமானை நாம் தொடக் கூடாது. பலகைக்கு இந்தப் பக்கம் நின்று கேட்க வேண்டும், மெனேஜர் எடுத்துத் தருவார், தராவிட்டால் நின்றுகொண்டே இருக்க வேண்டும். இவள் பால்மாத் தட்டுக்கு முன்னால், படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, யாராவது வந்து எடுத்துத் தருவார்கள் என்று ஒரு மணித்தியாலம் மரியாதையாக நின்றிருக்கிறாள். அவளைச் சுற்றி வந்தவர்கள் எல்லோரும் அள்ளிக்கொண்டு போயிருக்கிறார்கள். நான் கார் பார்க்கில் வைத்தே அவளைக் கிழித்தேன். அன்று பின்னேரம் பாடசாலைத் தோழிகள் நாலு பேருக்குப் போன் போட்டு இந்தக் கதையைச் சொன்னேன். நன்றாகச் சிரித்தோம்.

ஆனால் ஒரு தரம் சொன்னால் போதும், கெட்டிக்காரி. அடுத்த செவ்வாய் படக்கட்டை விசிறியபடி உள்ளே போனவள் முக்கால் மணித்தியாலத்தில் எல்லாம் கொண்டுவந்தாள். மைசூர் பருப்பு, சீனி, டின்மீன், கோதுமை மா, பால்மா. மூன்றாவது செவ்வாய் வாசலில் நின்ற செக்குரிட்டி, ஒரு சிங்களக் கிழவர், அவளைக் கண்டதும், "அம்மா வா, வா, இன்னிக்கு உங்க நாள்" என்று உடைந்த தமிழில் கூப்பிட்டார். அவள் மாஸ்க்குக்குள் சிரித்தாள். நாலு வருடத்தில் அவளை அப்படி நிமிர்ந்து நடந்து நான் பார்த்ததில்லை. எனக்கு அது பிடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பின்பக்கக் குழாயடியில் ஒவ்வொரு பக்கெட்டாகச் சவர்க்காரம் போட்டுக் கழுவி வெயிலில் வைப்பாள். பிறகு தானும் அங்கேயே குளிர்ந்த தண்ணீரில் குளித்துவிட்டுத்தான் உள்ளே வரலாம். மலையில் பின்னேரத் தண்ணீர் எப்படி இருக்கும் என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். பக்கத்து வீட்டு அம்மா ஒரு நாள் மதிலுக்கு மேலால் எட்டிப்பார்த்து, "உங்க ஆளை ஒரு செவ்வாய்க்குத் தாங்களேன்" என்று கேட்டாள். ஆட்டுக்கல்லை இரவல் கேட்டால் எப்படி மறுப்போமோ அப்படி மறுத்தேன்.

இதற்கிடையில் அவளுடைய மகளுக்குப் பிரசவ மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது.

பத்தொன்பது வயதுப் பிள்ளை. முந்திய வருடம்தான் கல்யாணமானது. மாப்பிள்ளை கொழும்பில் ஒரு ஹோட்டலில் வேலை, ஊரடங்கில் அங்கேயே மாட்டிக்கொண்டான். பிள்ளை லயத்துக் காம்பராவில், அந்த ஒற்றை அறையில், தனியாக இருந்தாள், பக்கத்துக் காம்பராப் பெண் எட்டிப் பார்த்துக்கொள்வாள். தலைப்பிரசவம் தாய் வீட்டுப் பொறுப்பு. அதில் இந்துவும் கத்தோலிக்கரும் எல்லோரும் ஒன்றுதான், என் இரண்டு பிரசவத்துக்கும் என் அம்மா ஒரு மாதம் முன்பே வந்து கட்டிலடியில் பாய் விரித்துவிட்டாள். அதனால் அவள் கேட்டது எனக்கு விளங்காமல் இல்லை.

"டீச்சர், புள்ளைக்கு நாள் நெருங்கிருச்சிங்க. தலப்பிரசவம். நான் பக்கத்துல இல்லாட்டி பயந்துரும். என்னைய அனுப்பி வைங்க."

"பஸ் இல்லையே, எப்படிப் போவ?"

"எந்தம்பி மரக்கறி லொறியில கிளீனரா இருக்கான்ல. திங்கக்கெழம கண்டிக்கு வந்து இறக்கிட்டு, பத்து மணிக்குத் திரும்பிப் போவானாம். ரோட்டு மேல நிப்பாட்டி ஏத்திக்கிறேன்னு சொல்லிட்டான். வழியில ரெண்டு எடத்துல பொலிஸ் பாக்குமாம். ஐடென்டிகாட் மட்டும் இருந்தா போதுமாம்."

"சரி, பார்ப்போம்" என்றேன்.

பார்ப்போம் என்று நான் சொன்னால் மாட்டேன் என்று அர்த்தம் என்பது என் மாணவர்களுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது. அன்றே மூட்டை கட்டிவிட்டாள். பழைய வேட்டித் துணிகளைக் கேட்டு வாங்கி, கிழித்து, கொதிநீரில் அவித்து, காயவைத்து, மடித்து வைத்தாள்.

என் கஷ்டத்தையும் சொல்ல வேண்டும். பால்மா கப்பல் வரவில்லை, அடுத்த கிழமையோடு முடிகிறது என்று வாட்ஸ்அப்பில் வந்திருந்தது. என் கணவருக்குக் காலையில் பால் தேத்தண்ணீர் இல்லாவிட்டால் பொழுது விடியாது, விடிந்தாலும் எனக்குத்தான் விடியாது. இவள் போனால் எப்போது திரும்புவாள்? ஒரு மாதம், இரண்டு மாதம், குழந்தை முகத்தைப் பார்த்த பிறகு வராமலே விடலாம். ஒரே ஒரு செவ்வாய்க்கிழமை மட்டும் முடியட்டும், அடுத்த திங்கள் அதே லொறியில் அனுப்பிவிடலாம் என்று எனக்குள் கணக்குப் போட்டேன். தலைப்பிரசவம் எப்படியும் பிந்தும் என்றும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என்னுடையது பிந்தவில்லை.

ஞாயிற்றுக்கிழமை டீவியில் பூசை பார்த்து முடித்துவிட்டு, அலுமாரிச் சாவியை எடுத்து ஹவுஸ்கோட் பொக்கெட்டில் போட்டுக்கொண்டேன்.

திங்கள் ஒன்பதரைக்குத் தலை சீவி, பொட்டு வைத்து, மூட்டையைப் பின்வாசலில் வைத்துவிட்டு வந்து நின்றாள். நான் அலுமாரி அடிக்குப் போய்ச் சாவி வைக்கும் கிண்ணத்தைப் பார்த்து, "இங்கதானே வச்சேன்" என்றேன். மிகவும் நன்றாகச் சொன்னேன். எனக்கே ஒரு நிமிடம் சாவி தொலைந்துவிட்டது போலத்தான் இருந்தது.

தேடினோம். இரண்டு பேருமாகக் கட்டிலுக்கு அடியில் குனிந்து தேடினோம். கதிரை மெத்தைகளைத் தூக்கிப் பார்த்தோம். அவள் அரிசிப் பானைக்குள் தோள் வரைக்கும் கையை விட்டுத் துழாவினாள். நான் குனியும் போதெல்லாம் சாவி தொடையில் இடித்தது. கணவர் கதிரையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். என் பொக்கெட்டை ஒரு தரம் பார்த்தார், என் முகத்தை ஒரு தரம் பார்த்தார். பிறகு எழும்பிப் போய் டீவிச் சத்தத்தைக் கூட்டி வைத்தார்.

மேலே ரோட்டில் லொறி ஹோர்ன் அடித்தது.

"டீச்சர், பொலிஸ்ல கேட்டா நான் சொல்லிக்கிறேங்க, அட்ட இல்லாமலே போறேன்."

"பைத்தியமா? அட்டை இல்லாம பிடிச்சா உன் தம்பியையும் சேத்து உள்ள போடுவான். லொறிக்காரன் பாஸையும் பறிப்பான்." இதில் பாதி உண்மை. அதனால்தான் நன்றாக வேலை செய்தது.

அவள் முன்ஹோலுக்கு ஓடினாள். அங்கே எங்கள் அந்தோனியார் சுரூபம் இருக்கிறது. காணாமல்போனதைக் கண்டுபிடித்துத் தருவார் என்று அவரிடம் எல்லாச் சாதி சனமும் போகும், இந்துக்களும் போவார்கள். "ஒரு மெழுகுதிரி பத்த வைக்கட்டுங்களா டீச்சர்?" என்று கேட்டாள். வை என்றேன். அவசரத்தில் மூன்று குச்சி வீணானது. திரியைக் கொளுத்தி, தலைக்கு மேல் கை கூப்பி, அவர்கள் கோயிலில் கும்பிடுவது போலக் கும்பிட்டாள். "சாமி, சாவியக் காட்டிக் குடு சாமி, எம்புள்ள தனியா கெடக்கு" என்று சத்தமாகவே சொன்னாள். நான் பக்கத்தில் நின்றிருந்தேன். எனக்கு இரக்கம் வந்தது என்று எழுதினால் வாசிப்பவர்களுக்கு ஆறுதலாக இருக்கும். எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஒரு சாவிக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று நினைத்தேன்.

ஹோர்ன் இன்னும் இரண்டு தரம் அடித்தது. ஊரடங்கு நேரத்துக்கு முன்னால் அவர்கள் ஊர் போய்ச் சேர வேண்டும். பிறகு லொறி மலை ஏறும் சத்தம் கேட்டது. அவள் வாசல்படியில் உட்கார்ந்து, சத்தம் ஓயும் வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பின்னேரம் ஐந்து மணிக்குக் கிரைண்டருக்குப் பின்னால் சாவியை "கண்டெடுத்தேன்." அவள் அழுதுகொண்டே சிரித்தாள். பிந்தினாலும் அந்தோனியார் தந்துவிட்டார் என்று இன்னொரு திரி கொளுத்தினாள், தம்பிக்கும் போன் போட்டுச் சொன்னாள். அடுத்த திங்கள் கட்டாயம் அனுப்புகிறேன் என்று நான் அவளுக்கு வாக்குக் கொடுத்தேன். "நாளைக்குச் செவ்வாய்தானே, காலையிலே கடைக்குப் போய்ட்டு வந்திருவோம்" என்றும் சொன்னேன்.

போனில்தான் கிருமி அதிகமாக ஒட்டும் என்று அதே வாட்ஸ்அப்பில்தான் வந்தது. அதனால் செவ்வாய்க்கிழமைகளில் அவளுடைய போனை வீட்டில் வைத்துவிட்டு வர வேண்டும் என்பது என் சட்டம். அன்றும் வைத்துவிட்டு வந்தாள். கியூ அன்று கடைக்கு வெளியே ரோட்டு வரைக்கும் நின்றது. எல்லோருக்கும் அதே வாட்ஸ்அப் வந்திருந்தது. வெள்ளை வட்டங்களில் ஆட்கள் நின்றார்கள். வட்டத்துக்கு வட்டம் அவள் நகர்ந்து போவதைக் காருக்குள் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே போய் ஒரு மணித்தியாலம் ஆனது, இரண்டும் ஆனது. அட்டை அவள் கையில் இருக்கிறது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. மற்ற வாசலால் போய்விட்டாளோ? நடந்தே போய்விடுவாளோ? கள்ளி, நன்றி கெட்டவள், தோட்டத்துப் புத்தியைக் காட்டிவிட்டாள் என்று தனியாக இருந்து ஏசினேன்.

அவள் வந்தாள். ட்ரொலி நிறையச் சாமான். எல்லாவற்றுக்கும் மேலே பால்மாப் பக்கெட் இரண்டு.

"செக்குரிட்டி ஐயாக்கிட்ட எம்புள்ளைக்கு மாசம்னு சொன்னேங்க. அவரு பேச்ச கேட்டு உள்ள காசு வாங்குற நோனாம்மா, பக்கெட் ஒண்ணு கூடக் குடுத்துச்சிங்க. இத நான் புள்ளைக்கு எடுத்துக்கிறேனே டீச்சர்."

"வீட்டுக்குப் போய் பார்ப்போம்" என்றேன்.

வீட்டுக்கு வந்து, எல்லாவற்றையும் கழுவி, தானும் குளித்து, ஈரத் தலையோடு அவள் போனை எடுத்தபோது மகளுடைய அழைப்புகள் திரை நிறைய இருந்தன. திருப்பி எடுத்தாள். பக்கத்துக் காம்பராப் பெண்தான் பேசினாள். திங்கள் பின்னேரமே பிள்ளைக்கு வலி கண்டிருக்கிறது, சூட்டு வலி என்று நினைத்து விடியும்வரை யாருக்கும் சொல்லவில்லை. அம்புலன்ஸ் வருகிறேன் என்று சொல்லி வரவில்லை. செவ்வாய் காலை ஒரு ஆட்டோவைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போகிற வழியில், ஆட்டோவுக்குள்ளேயே குழந்தை பிறந்துவிட்டது. பெண் குழந்தை. ரத்தம் நிறையப் போய், பிள்ளை ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள், உயிருக்கு ஒன்றுமில்லை. குழந்தையும் சுகம். "அம்மா எங்க, அம்மா எங்கன்னுதான் கத்துச்சி. நாங்க அடிச்சோம், நீங்க எடுக்கல" என்று அந்தப் பெண் சொல்வது எனக்கும் கேட்டது.

அவள் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அவளுக்கு வராது. "கடைக்குப் போயிருந்தேன்" என்று சொன்னாள்.

புதன்கிழமை மகளே பேசினாள். போன் அவள் காதில் இருந்தாலும் சத்தம் குசினி முழுக்கக் கேட்டது. "நான் ஆட்டோக்குள்ள செத்துக்கிட்டு இருந்தேன். நீ கடையில சாமான் பாத்துக்கிட்டு இருந்தியா? மாமா லொறிய நிப்பாட்டி நிப்பாட்டி ஹோர்ன் அடிச்சிருக்கு. நீ வெளியவே வரலையாமே. டவுன் சோறு அவ்வளவு ருசியாப் போச்சா?"

"சாவி காணாமப் போயிருச்சும்மா. அலுமாரிச் சாவி. ஐடென்டிகாட் உள்ள மாட்டிக்கிருச்சி."

"சாவியாம். பின்னேரமே கெடைச்சிருச்சாம். எனக்கு என்ன, கிறுக்கா? இனி வராத." போன் நின்றது.

பத்தொன்பது வயதுப் பிள்ளைக்கு விளங்கிய விஷயம் நாற்பத்து மூன்று வயதுத் தாய்க்கு விளங்கவில்லை. பிள்ளை ஆளைத்தான் மாற்றிப் பிடித்துவிட்டாள்.

அன்று முழுக்க அவள் சாப்பிடவில்லை. வேலையில் குறை வைக்கவும் இல்லை. வியாழக்கிழமை காலையில் நான் கொப்பி திருத்திக்கொண்டிருக்கும்போது வந்து, கதிரைக்குப் பக்கத்தில் நிலத்தில் உட்கார்ந்தாள். அவள் என் முன்னால் அப்படி உட்காருவதே இல்லை.

"டீச்சர், ஒரே ஒரு ஒதவி. நீங்க அவகிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க. சாவி காணாமப் போனது உண்மதான்னு மட்டும் சொல்லுங்க. நான் சொன்னா நம்ப மாட்டேங்குது. படிச்சவங்க, நீங்க சொன்னா நம்பும். அதுக்குப் பெறகு திங்கக்கெழம நான் போய், கால்ல விழுந்தாவது அங்கேயே இருந்து கொழந்தயப் பாத்துக்கிருவேன்."

நான் சொன்ன பொய்யை உண்மை என்று நானே சாட்சி சொல்ல வேண்டும். அவ்வளவுதான் கேட்டாள். எனக்கு ஒரு செலவும் இல்லை. நான் எதை ஒப்புக்கொள்ளவும் தேவையில்லை. திங்கட்கிழமை சொன்ன அதே வசனத்தை இன்னொரு தரம் சொன்னால் போதும், ஒரு தாய்க்கு மகளும் பேத்தியும் கிடைத்துவிடுவார்கள். "அங்கேயே இருந்து" என்று அவள் சொன்னதுதான் என் மனதில் நின்றது.

மகளுக்குப் போன் போட்டு என் கையில் தந்தாள். "இங்க சிக்னல் இல்ல" என்று முன்ஹோலுக்கு எடுத்துக்கொண்டு போனேன். அவள் குசினியிலேயே நின்றாள்.

"தங்கச்சி, நான் அம்மா வேலை செய்ற வீட்டு டீச்சர் பேசறேன். குழந்தை சுகமா?"

"சொகங்க டீச்சர்." மெல்லிய குரல், மரியாதையான பிள்ளை. பின்னால் குழந்தை சிணுங்கியது. அதைச் சமாதானப்படுத்திவிட்டு அவளே கேட்டாள். "டீச்சர், அம்மா சாவி காணாமப் போச்சின்னு சொல்லுது. நெசமாங்களா?"

ஆசையோடுதான் கேட்டாள். ஆம் என்று நான் சொல்ல வேண்டும் என்று அவளுக்கு எவ்வளவு விருப்பம் இருந்தது என்பது அந்தக் குரலில் நன்றாகக் கேட்டது.

"சாவியா?" என்றேன். "எந்தச் சாவி?"

நான் இன்னும் கொஞ்சம் பேசினேன். உடம்பைப் பார்த்துக்கொள், தலைக்குத் துணி கட்டிக்கொள், குளிர் பட விடாதே என்று என் அம்மா எனக்குச் சொன்னதையெல்லாம் சொன்னேன். எப்போது போனை வைத்தாள் என்று தெரியவில்லை.

அவள் திங்கட்கிழமை போகவில்லை. மகள் போனை எடுப்பதை நிறுத்திவிட்டாள். தம்பியும் லொறியை ரோட்டில் நிறுத்துவதை விட்டுவிட்டான். கூடக் கிடைத்த அந்தப் பால்மாவையும் சேர்த்து நாங்கள் பதினொரு பக்கெட் பதுக்கி, மழைக் காலத்தில் மூன்று கட்டிதட்டிப் போய் வீசினோம். கோயில்கள் திறந்த பிறகு பாவசங்கீர்த்தனத்துக்குப் போய், கோபப்பட்டேன், புறம் பேசினேன் என்று வழக்கமானதைச் சொன்னேன். சாமியார் மூன்று அருள் நிறை மரியே சொல்லச் சொன்னார். பேத்தி இப்போது தோட்டத்துப் பாடசாலையில் படிக்கிறாள் என்று யாரோ சொல்லி அறிந்தோம். அவள் இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். எனக்கு முழங்கால் வருத்தம் வந்த பிறகு அவள் இல்லாமல் ஒரு நாளும் ஓடாது.

அந்த வியாழக்கிழமை நான் குசினிக்குத் திரும்பி வந்தபோது அவள் அசையாமல் அதே இடத்தில் நின்றாள். "சொல்லிட்டீங்களா டீச்சர்?" என்று கேட்டாள்.

"சொல்லிட்டேன். கொஞ்ச நாள் போகட்டும், சரியாகிரும்."

போனை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு, நான் தடுப்பதற்கு முன்னால், குனிந்து என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள்.

"நீங்க நல்லா இருக்கணுங்க டீச்சர்" என்றாள்.

நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.